எல்லோரும் பார்க்க நடந்துபோன தவம் அண்ணை

டெரிக் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் ஒரு முதியவரின் முழங்காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்யும் பிசியோதெரபி நிலையம் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருக்கிறது. வரவேற்பில் இருக்கும் பிள்ளை கதவைத் தட்டி, "அக்கா, டெரிக் எண்டு ஒராள் லைனிலை நிக்கிறார். பேரைச் சொன்னபிறகு ஒண்டும் கதைக்கிறாரில்லை, மூச்சுத்தான் கேக்குது" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. முதியவரின் காலை மெத்தையில் வைத்துவிட்டுப் போனேன். "டேவ் போய்விட்டான்" என்று டெரிக் ஆங்கிலத்தில் சொன்னான். "விடிந்த பிறகுதான். நான் பக்கத்தில் இருந்தேன்."

டேவ் என்று டெரிக் சொன்னவரைத் தவம் என்றுதான் நம்மவர்களுக்குத் தெரியும். முழுப்பெயர் தவராசா. மல்வேர்னில் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், வங்கியின் கணினிப் பிரிவில் கூட வேலை செய்தவர்கள், கோவில் அன்னதானத்தில் அவரோடு நின்று சோறு பரிமாறியவர்கள் இதை வாசிப்பீர்கள். அவர் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தின் ஃபுட்போல் அணியில் ஆடினார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது. அவராகச் சொல்லியிருக்கவும் மாட்டார். முப்பது வயதைத் தாண்டிச் சில மாதங்களே ஆன ஒரு மனிதரைப் பற்றி இறந்தகாலத்தில் எழுதுவது கைக்கு வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

நான் அப்போது அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். படிப்பின் ஒரு பகுதியாக ஃபுட்போல் அணியோடு வேலை செய்தேன். கணுக்கால்களுக்கு டேப் சுற்றுவது, ஐஸ் வைப்பது, தண்ணீர் கொடுப்பது. இது நம்முடைய உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தோளில் கவசமும் தலையில் தொப்பியும் போட்ட மலை போன்ற பையன்கள் ஒருவரையொருவர் இடித்து விழுத்தும் ஆட்டம். அந்த வருடம் எங்கள் அணி சிதறிப் போயிருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் படிப்பை முடித்தும் வேறு இடங்களுக்கு மாறியும் போய்விட்டார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர் அணியை அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். கம்பங்களுக்கிடையே பந்தை உதைக்க ஆளே இல்லை. "உதைபந்தாட்டம் ஆடிய யாரையாவது தெரியுமா?" என்று தண்ணீர் கொடுக்கிற எங்களிடம்கூடக் கேட்டார்.

எங்கள் பல்கலைக்கழகத்திலேயே படிக்கும் ஒருவரை எனக்குத் தெரிந்திருந்தது. மல்வேர்னிலிருந்து வரும் பஸ்ஸில் எப்போதும் பின்பக்கக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பார். இறங்கி ஓட வசதியான இடம் என்று பிறகு சொன்னார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர் என்று என் அம்மா யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"உந்த மாட்டுச் சண்டைக்கோ?" என்று கேட்டார். "என்னை மிதிச்சுச் சம்பல் ஆக்கிப் போடுவாங்கள், கலா."

"உங்களை ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு சட்டம் இருக்கு, தவம் அண்ணை. உதைக்கிற ஆளிலை முட்டினால் அவங்களுக்குத் தண்டனை."

"சட்டம் எல்லா இடத்திலையும்தான் இருக்கு" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எத்தினை மணிக்குப் பயிற்சி?" என்று கேட்டார். நேரத்தைச் சொன்னேன். "அது நல்லது. வீட்டிலை அந்த நேரம் ரேடியோவிலை ஊர்ச் செய்தி போகும். கேக்காமல் இருக்கலாம்."

அப்படித்தான் வந்தார். அவருடைய அம்மாவும் தங்கச்சியும் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருந்தார்கள். கனடா அவரை அகதியாக ஏற்றிருந்தது. ஆனால் 'லாண்டட் பேப்பர்' என்று நம்மவர்கள் சொல்லும் நிரந்தர வதிவிடம் வரவில்லை. அது வந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். வீட்டில் நாலைந்து பேரோடு பேஸ்மென்டில் இருந்து வானொலி கேட்பதைவிட, மைதானத்தில் நின்று பயப்படுவது அவருக்கு லேசாக இருந்தது.

உதைக்கிற வேலை மூன்று பேருடைய வேலை. ஒருவன் குனிந்து நின்று கால்களுக்கிடையால் பந்தைப் பின்னே எறிய வேண்டும். இன்னொருவன் அதைப் பிடித்து நிலத்தில் நிறுத்த வேண்டும். மூன்றாவது ஆள் ஓடிவந்து உதைக்க வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது எதிரணி முழுவதும் அலறிக்கொண்டு பாய்ந்து வரும். பந்தைப் பின்னே எறிபவன் டெரிக். ஸ்காபரோவிலேயே பிறந்து வளர்ந்த, கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய உருவம். அவன் ஒழுங்காக எறிகிற வரை அவனை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஒருமுறை பிழைத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். தவம் அண்ணைக்கு அவனைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பருவம் தொடங்குமுன் மாணவர் பத்திரிகை எங்கள் அணியைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. இந்த அணியிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் யாரும் கண்டுகொள்ளாத சிலர் இதில் இருக்கிறார்கள், அவர்கள் மேல் ஒரு கண் வையுங்கள் என்ற மாதிரி. அதில் டெரிக்கின் பெயரும் தவம் அண்ணையின் பெயரும் இருந்தன. நான் பத்திரிகையைச் சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்தவரின் முகம் வெளிறிப் போனது.

"என்ரை முழுப்பேரையும் போட்டிருக்கிறாங்கள்."

"நல்லதாத்தானே எழுதியிருக்கு, அண்ணை."

"கண் வைக்கச் சொல்லி எழுதியிருக்கு, கலா. எங்கடை இடத்திலை ஒருத்தனிலை கண் வைச்சால் பேந்து என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியாதோ?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இதை ஆர் வாசிப்பினம், ஆர் ஆருக்குச் சொல்லுவினம்? அம்மாவும் தங்கச்சியும் அங்கை இன்னும் நிக்கினம்."

மல்வேர்னில் ஒரு மாணவர் பத்திரிகையை யார் தேடி வாசிக்கப் போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பத்திரிகையை மடித்துத் தன்னுடைய பைக்குள் அடியில் தள்ளிவிட்டார். படம் எடுக்க வந்தவர்களுக்கும் அவர் பிடி கொடுக்கவில்லை. அந்த வருட அணிப்படத்தில் டெரிக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரியும். அதுதான் தவம் அண்ணை.

உதைப்பதற்கு முன் அவர் தலையைக் குனிந்து ஏதோ முணுமுணுப்பார். அணியில் எல்லோரும் அதைப் பிரார்த்தனை என்றே நினைத்தார்கள். பயிற்சியாளர் கையை உயர்த்திப் பையன்களை மௌனமாக நிற்க வைப்பார். சிலர் தொப்பியைக்கூடக் கழற்றினார்கள். எல்லைக்கோட்டில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற எனக்கு மட்டும்தான் அந்தத் தமிழ் விளங்கும். "அம்மா எப்பிடி இருக்கிறா எண்டு தெரியாது. லாண்டட் பேப்பர் வரேல்லை. இடப்பக்கத்திலை நிக்கிற தடியன் என்னைக் கொல்லப் போறான். உதை பிழைச்சால் எல்லாரும் பாப்பினம்." ஒவ்வொன்றாக, மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொல்வார். முடிந்ததும் மூச்சை விட்டுவிட்டு ஓடுவார். பந்து பெரும்பாலும் போகவேண்டிய இடத்துக்குப் போகும்.

ஒரு பின்னேரம் பயிற்சியின்போது, பெருந்தெருவில் ஏதோ விபத்தைப் பார்க்க வந்த ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து மைதானத்தைக் கடந்தது. தவம் அண்ணை அப்படியே முகங்குப்புற விழுந்தார். இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டார். யாரோ முதலில் சிரித்தார்கள். சத்தம் தூரமாகப் போன பிறகும் அவர் எழும்பவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஓடிப்போனேன். கிட்டப்போக எனக்கே பயமாக இருந்தது. அவருடைய முதுகு அப்படி ஏறி இறங்கியது. எனக்கு முன்னமே டெரிக் போயிருந்தான். அந்தப் பெரிய உடம்பை மெல்ல இறக்கி, அவருக்குப் பக்கத்தில் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"டேவ்," என்றான் பிறகு, "கீழே என்ன தேடுகிறோம்?"

தவம் அண்ணை தலையைத் தூக்கவில்லை. "ஒன்றுமில்லை. அது போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"சரி. நானும் பார்க்கிறேன்" என்றான் டெரிக். இருவரும் அங்கேயே கிடந்தார்கள். பயிற்சியாளர் மற்றவர்களை மைதானத்தின் மறு பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து டெரிக் அவரைவிட்டு விலகவே இல்லை. கடைசிக் காலைவரை.

அந்த ஒக்டோபர் நம்மில் ஒருவருக்கும் மறக்காது. இராணுவம் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிக்குள் இறங்கிவிட்டது. வானொலி ஒவ்வொரு மணியும் ஊர்ப்பெயர்களைச் சொல்லும். நேற்றுச் சொன்ன ஊருக்கு அடுத்த ஊரை இன்று சொல்லும். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. கொழும்பில் இருந்தவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் முன்பின் தெரியாத தமிழரெல்லாம் ஒருவரையொருவர் பார்த்து, "ஏதும் அறிஞ்சனீங்களோ?" என்று கேட்பார்கள். தவம் அண்ணை சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். டேப் சுற்றும்போது அவருடைய கணுக்கால் என் கையில் எலும்பாகவே பட்டது.

பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். அதுவரை ஒரு ஆட்டத்திலும் நாங்கள் வெல்லவில்லை. ஆட்டம் தொடங்க நேரமாகியும் அவரைக் காணவில்லை. தேடிப்போனேன். பார்வையாளர் இருக்கைகளுக்குக் கீழே, சாமான்கள் வைக்கும் அறையில், கவசங்களுக்கு நடுவே நிலத்தில் இருந்தார். முழு உடுப்பும் போட்டிருந்தார். சப்பாத்து மட்டும் கையில் இருந்தது.

"கோண்டாவில் பேரும் ரேடியோவிலை வந்திட்டுது" என்றார்.

நான் கதவோரம் இருந்தேன்.

"மேலை சனம் வந்திட்டுதோ?"

"கொஞ்சப் பேர்தான், அண்ணை."

"எனக்கு அந்தக் கண்ணுகள்தான் ஏலாது, கலா." அவர் சப்பாத்தின் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தார். "ஊரிலை ஒருக்கா ஆமி சுற்றிவளைச்சுப் பெடியள் எல்லாரையும் கோவில் வீதியிலை வரிசையா நிப்பாட்டினவங்கள். ஜீப்புக்கை ஒரு தலையாட்டி, ஆக்களைக் காட்டிக்குடுக்கிறவன். முகத்திலை சாக்குப் போட்டிருந்தது. கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தரா முன்னாலை போக வேணும். அந்தக் கண் என்னிலை நிண்டுது. எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. பேந்து விலகிச்சுது. எனக்குப் பின்னாலை வந்தது சுகந்தன், என்னோடை ஒரே வகுப்பு. அவனிலை நிண்டுது. தலை ஆடிச்சுது. அவ்வளவுதான். அவனைப் பேந்து ஒருத்தரும் காணேல்லை."

மேலே கூட்டம் கத்தியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. அவர் தோள்களைக் குறுக்கிக்கொண்டார்.

"அண்டு தொடக்கம் நான் ஒருத்தற்றை கண்ணிலையும் படாமல் இருக்கத்தான் பாக்கிறன். இஞ்சை பாத்தால், எல்லாரும் விலகி நிண்டு என்னையே பாக்கிற வேலை எனக்குக் கிடைச்சிருக்கு."

"வேண்டாமெண்டால் வராதேங்கோ, அண்ணை. நான் போய்ச் சொல்லுறன்."

அவர் கூட்டத்தின் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு சப்பாத்தைப் போடத் தொடங்கினார். கயிறு துளைக்குள் போகவில்லை. நான் கட்டிவிட்டேன். "டெரிக் குனிஞ்சு நிண்டு என்னைத் தேடுவான்" என்றார். வேறு காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டம் கடைசிவரை சமநிலையில் இருந்தது. முடிய இன்னும் சில விநாடிகள். பயிற்சியாளர் தவம் அண்ணையைப் பார்த்தார். தூரம் அதிகம், காற்று எதிரே. அவர் எழும்பினார். எல்லைக்கோட்டிலிருந்து நடுமைதானத்துக்கு அவர் தனியாக நடந்துபோன காட்சியை நான் இப்போதும் பார்க்கிறேன். வீரநடை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அடியையும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலத்தான் வைத்தார். ஆனால் போனார். தலையைக் குனிந்தார். முணுமுணுத்தார். வழமையைவிட நெடுநேரம். எங்கள் பையன்கள் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். எனக்கு அவர் சொன்னது கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று நினைத்தேன்.

டெரிக் எறிந்தான். பந்து நின்றது. அவர் உதைத்தார். பந்து உயர்ந்தது, காற்றில் திரும்பியது, கம்பத்துக்கு வெளியால் போய்விட்டது.

தவறிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது பந்து கம்பங்களுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் விழுந்து துள்ளிக்கொண்டிருந்தது. எதிரணிப் பையன் ஒருவன் அதை எடுக்க ஓடினான். முட்டைப் பந்து நினைத்த பக்கம் துள்ளாது. அவன் கைக்கு எட்டாமல் ஒரு பக்கம் பாய்ந்து, பின்கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. கனடாவில் இந்த ஆட்டத்துக்கு ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. கம்பத்தைத் தவறவிட்ட பந்தும் அப்படிப் பின்கோட்டைத் தாண்டிவிட்டால் ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியால் நாங்கள் வென்றோம்.

எங்கள் அணி முழுவதும் கத்திக்கொண்டு அவரை நோக்கி ஓடியது. தவம் அண்ணை திரும்பிப் பார்த்தார். அந்த விதி அவருக்கு நினைவில் இல்லை. தவறவிட்டவனை அடிக்க வருகிறார்கள் என்றே நினைத்தார். திரும்பி ஓடத் தொடங்கினார். மைதானத்தைக் கடந்து, வேலியோரமாக, கார் தரிப்பிடத்துப் பக்கமாக அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட, பின்னால் அணி முழுவதும் சிரித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் துரத்தியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கொண்டாட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அவருடைய முகம் தெரிந்தது. கடைசியில் டெரிக்தான் பிடித்தான். கட்டிப்பிடித்துக்கொண்டே, "வென்றுவிட்டோம், டேவ், வென்றுவிட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவர் அவனுடைய மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

பஸ்ஸில் வரும்போது நான் விதியை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். "பிழைச்சதுக்கும் ஒண்டு குடுக்கிறாங்கள்" என்றார். "ஊருக்கு எழுதினால் நம்பமாட்டினம்."

ஊருக்கு எழுத வழியே இல்லாமல் போயிற்று. அதன் பின் சில நாள்களில், வலிகாமம் முழுவதும் மழையில் இடம்பெயர்ந்து போகிறது என்ற செய்தி வந்தது. ஒரே பாலம், ஒரே வீதி, இலட்சக்கணக்கான சனம். தவம் அண்ணை பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை. டெரிக் பஸ் பிடித்து மல்வேர்ன் வந்து அந்த பேஸ்மென்டில் போய் இருந்தான். ஒரு சொல் தமிழ் தெரியாதவன், தமிழ் வானொலிக்கு முன்னால் அவரோடு இருந்தான். செய்தி தொடங்கும்போது அவருடைய முகத்தைப் பார்ப்பானாம். முடிந்ததும் தேத்தண்ணீர் போடுவானாம். கிழமைகள் போய், முதல் பனியும் கொட்டிய பிறகு, வவுனியாவிலிருந்து தொலைபேசியில் தங்கச்சியின் குரல் வந்தது. இருவரும் உயிரோடு இருந்தார்கள். அம்மாவுக்குக் காலில் காயம், நடக்க முடியாது. ஆனால் உயிரோடு.

அதன்பின் அவர் ஆடவில்லை. படிப்பை முடித்தார், வேலை கிடைத்தது, நிரந்தர வதிவிடமும் வந்தது. அம்மாவையும் தங்கச்சியையும் கொழும்புக்கு எடுத்தார். அவர்கள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்து விசாவுக்குக் காத்திருந்தார்கள். இன்னும் காத்திருக்கிறார்கள்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோதெல்லாம் டெரிக் அங்கே இருந்தான். ஒருநாள் ஒரு தாதி, "நீங்கள் மிகவும் தைரியமானவர்" என்று அவருடைய கையைத் தட்டிவிட்டுப் போனார். தவம் அண்ணை என்னைப் பார்த்தார்.

"உவ ஆரைச் சொல்லுறா?" என்றார். "எனக்குப் பயமாக் கிடக்கு, கலா. சரியான பயம். கண்ணை மூடினால் திறக்க ஏலாமல் போயிடுமோ எண்டு பயம். அம்மாவைப் பாக்காமல் போயிடுவனோ எண்டு பயம்."

"பயப்படாதேங்கோ, அண்ணை" என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது.

"அப்பிடிச் சொல்லாதேயும்" என்றார் அவர். கோபமில்லை. "பயமெண்டு சொல்லேக்கை கேட்டுக்கொண்டு இரும். அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

அவருடைய மரண அறிவித்தல் இப்போது மல்வேர்ன் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கிறது. யாரோ அன்போடு எழுதியிருக்கிறார்கள்: 'அஞ்சா நெஞ்சன்.' அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன், அது தவம் அண்ணை இல்லை. அவர் அஞ்சியவர். நான் அறிந்த மனிதர்களில் அவரளவு பயந்தவர் வேறு ஒருவரும் இல்லை. அந்தப் பயத்தோடேயே எழும்பி, பிறர் பார்க்க நடந்துபோனார். ஏனென்றால் அங்கே ஒருவன் குனிந்து நின்று அவரைத் தேடிக்கொண்டிருந்தான்.

இறுதிக்கிரியை முடிந்த மறுநாள் நான் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். தங்கச்சி அழுதுகொண்டே ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. லைன் கரகரத்தது.

"பிள்ளை," என்றார் அவர், "உண்மையைச் சொல்லு மோனை. கடைசியிலை அவன் பயந்தவனே?"

பொய் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"ஓம், அம்மா" என்றேன். "பயந்தவர். வாய்விட்டுச் சொன்னவர். டெரிக் அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவன். விடவே இல்லை."

மறுபக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம். "சின்னனிலையும் அப்பிடித்தான்" என்றார். "பயம் வந்தால் ஒளிக்கமாட்டான். என்னைக் கூப்பிடுவான். பக்கத்திலை போய் இருந்தால் காணும்." பிறகு, "ஆள் இருந்ததெல்லோ. சரி. ஆள் இருந்தது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவருடைய பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. ஒழுங்கான படம்கூட இல்லை. ஆனால் என் வேலையில் ஒன்று மாறியிருக்கிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து முதன்முதலில் காலை ஊன்ற வரும் மனிதர்கள், பயமாயிருக்கிறது என்று தினமும் என்னிடம் சொல்கிறார்கள். பயப்படாதேங்கோ என்று நான் இப்போது சொல்வதில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "என்ன பயம், சொல்லுங்கோ" என்கிறேன். அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை இருக்கிறேன். தவம் அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.